ஊறும் நேரம்: கேழ்வரகுக் கூழும் பனையோலைக் கொட்டானும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலையானால் அடுப்படித் திண்டில் இரண்டு பாத்திரங்கள் இருக்கும். ஒன்றில் கேழ்வரகு மாவு கரைந்திருக்கும். மற்றொன்றில் கொட்டான் என்னும் ஓலைக் கூடை முடைவதற்காக இழைகளாக வாரிய பனையோலை ஊறிக்கொண்டிருக்கும். இதைப் பார்த்த அக்கம்பக்கத்தாரும் உறவினரும் உடன் வேலை செய்பவர்களும் பல நாள்களாகக் கேட்டுவரும் கேள்விகளையும், என்னால் சொல்ல முடிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சமையலையும் கைவேலையையும் ஏன் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறீர்கள்?

இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான்: தண்ணீரில் ஊறவைப்பது. ஊறாத தானியம் வேகாமல் வயிற்றைக் கனக்கச் செய்யும். ஊறாத ஓலை மடிக்கும் இடத்தில் முறிந்துவிடும். யாழ்ப்பாணத்து ஒடியல் கூழிலும் இதே கதைதான். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவின் கசப்பு போவதற்கு, மாவை நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை இறுத்துவிட்டுத்தான் கூழ் காய்ச்சுவார்கள். அந்தக் கூழை ஊற்றிக் குடிக்கும் பிளாவும் பனையோலையில் மடித்ததே. ஆகவே கூழையும் ஓலையையும் நான் புதிதாக ஒன்றும் சேர்த்துவிடவில்லை. பனை இருக்கும் ஊர்களில் அவை எப்போதும் சேர்ந்தே இருந்திருக்கின்றன.

வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்குமா?

நேரம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஊறலும் புளிப்பும்தான். நம் கை படும் நேரம் மிகக் குறைவு. கேழ்வரகுக் கூழுக்கு முதல் நாள் மாலை மாவைக் கரைக்க ஐந்து நிமிடம், மறுநாள் காய்ச்ச அரை மணி நேரம், அதற்கும் அடுத்த நாள் காலையில் மோர் விட்டுக் கரைக்க ஐந்து நிமிடம், அவ்வளவுதான். ஒருமுறை காய்ச்சினால் இரண்டு பேருக்கு இரண்டு காலைகளுக்கு வரும் என்பதால், நாள்தோறும் தோசைக்கல்லின் முன் நிற்பதைவிட இது குறைவான வேலை என்பதே என் அனுபவம். ஓலை வேலையும் அப்படித்தான். சிறிய கொட்டான் ஒன்றை முடைய, கை பழகிய பின் முக்கால் மணி நேரம் போதும். முதல் கொட்டானுக்கு மட்டும் ஒரு முழு மதியத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கேழ்வரகுக் கூழ் காய்ச்சும் முறையை அளவோடு சொல்ல முடியுமா?

ஒரு கப் கேழ்வரகு மாவை இரண்டு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மூடி வைத்து, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை புளிக்கவிட வேண்டும். மண்சட்டி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் எவர்சில்வர் பாத்திரமே போதும். அலுமினியத்தில் மட்டும் புளித்த மாவை வைக்காதீர்கள். மேலே சிறு குமிழிகள் தோன்றி, மூடியைத் திறந்ததும் இலேசான புளிப்பு வாசனை வந்தால் மாவு தயார்.

கால் கப் பச்சரிசி நொய்யைக் கழுவி, மூன்று கப் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். நொய் வெந்ததும் தீயைக் குறைத்துவிட்டு, புளித்த மாவை அடியோடு கலக்கி, ஒரு கையால் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே மறு கையால் துடுப்பைப் போட்டுக் கிண்ட வேண்டும். கூழ் கெடுவதெல்லாம் இந்த இரண்டு நிமிடத்தில்தான். தீ அதிகமாக இருக்கும்போது மாவு விழுந்தால், விழுந்த இடத்திலேயே வெந்து கட்டியாகிவிடும். வெளியே வெந்து உள்ளே பச்சை மாவாக இருக்கும் அந்தக் கட்டியைப் பிறகு எவ்வளவு மசித்தாலும் அது கரையாது. என் முதல் கூழ் அப்படித்தான் கோலிக்குண்டு கோலிக்குண்டாக வந்தது. வடிகட்டிக் குடித்தோம்.

ஊற்றி முடித்த பின் பதினைந்து முதல் இருபது நிமிடம் வரை சிறுதீயில் கிண்டினால், மங்கலாக இருந்த மாவின் நிறம் கருத்து, மினுமினுப்பு ஏறும். தண்ணீரில் நனைத்த விரலால் கூழைத் தொட்டுப் பாருங்கள்; ஒட்டிக்கொண்டால் இன்னும் வேக வேண்டும், ஒட்டாவிட்டால் அடுப்பை அணைக்கலாம். உப்பை இந்த நேரத்தில் சேர்ப்பதே எங்கள் வழக்கம். ஆறிய பின் மூடி வைத்து, மறுநாள் காலை வேண்டிய அளவு எடுத்து, மோர் அல்லது வெறும் தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து கரைத்து, நறுக்கிய சின்ன வெங்காயத்தோடு குடிக்கலாம். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், கொத்தவரங்காய் வற்றல், கருவாட்டுத் தொக்கு என அவரவர் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம். ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் ஊற்றும் கூழும் ஏறத்தாழ இந்த முறைதான். அங்கே அண்டாவில் காய்ச்சுவதால் துடுப்புக்குப் பதில் இரண்டு பேர் நின்று கிண்டும் கழி இருக்கும், அதுதான் வேறுபாடு.

மாவு சில நாள் புளிப்பதே இல்லை. சில நாள் பொங்கி வழிகிறது. என்ன செய்வது?

மார்கழியிலும் தையிலும் பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் குமிழி எழாமல் போகலாம். அப்போது முந்தைய முறை காய்ச்சிய கூழில் ஒரு கரண்டியோ, புளித்த மோரில் இரண்டு கரண்டியோ சேர்த்துக் கரைத்தால் புளிப்பு எளிதில் பிடிக்கும். சித்திரை வைகாசி வெயிலில் ஆறு மணி நேரமே அதிகம். அந்த நாள்களில் காலையில் கரைத்து வைத்து மதியமே காய்ச்சிவிடுகிறேன்.

காய்ச்சிய கூழை ஓர் இரவு வெளியில் வைக்கலாம். அதற்கு மேல் வைப்பதென்றால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மேலே இளஞ்சிவப்பு அல்லது கறுப்புப் புள்ளி தெரிந்தாலும், நூல்போல் இழுபட்டாலும், புளிப்பை மீறிய கெட்ட வாடை அடித்தாலும் கொட்டிவிட வேண்டும். மேற்பகுதியை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மீதியைப் பயன்படுத்தும் சிக்கனம் இங்கே ஆகாது.

கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை. ஆயினும் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பெரிய தம்ளர் கூழில் போவது ஏறத்தாழ 30 கிராம் மாவு. அதாவது 110 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் 1,000 மில்லிகிராமில் இது பத்தில் ஒரு பங்குதான். மேலும், தானியத்தில் உள்ள ஃபைட்டிக் அமிலம் சுண்ணாம்பையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்வதால், இருப்பது முழுவதும் உடம்பில் சேர்வதில்லை. ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அந்த அமிலத்தைக் குறைக்கின்றன. கூழைப் புளிக்கவைத்துக் காய்ச்சிய முன்னோர் சுவைக்காகச் செய்தார்களோ வேறு எதற்காகவோ, பலன் இரட்டிப்பாகக் கிடைத்தது.

நீரிழிவு உள்ளவர்கள் கூழ் குடிக்கலாமா?

கேழ்வரகு என்றாலே சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியன்று. நன்றாக அரைத்து, குழைய வேகவைத்து, கரைத்துக் குடிக்கும் எந்த மாவும் விரைவில் செரித்து இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். மெல்ல வேண்டிய தேவையே இல்லாத உணவு அது. நீரிழிவு உள்ளவர்கள் கூழைவிட, முழுத் தானியமாகச் சமைத்த சாமையையோ குதிரைவாலியையோ அளவாக, காய்கறியும் பருப்பும் கூடுதலாக வைத்துச் சாப்பிடுவது நல்லது. எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூழ் குடித்த நாளில் இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவைப் பார்த்து, தம் அளவு அரைத் தம்ளர் என்று தாமே முடிவு செய்துகொண்டார். அப்படி அளந்து பார்த்து, மருத்துவரிடமும் கேட்டுக்கொள்வதே சரியான வழி.

கடையில் வாங்கிய கம்பு மாவு கசக்கிறது. கம்பே கசப்பானதா?

இல்லை, அது பழைய மாவு. மற்ற தானியங்களைவிடக் கம்பில் கொழுப்பு அதிகம்; ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு. அரைத்தவுடன் அந்தக் கொழுப்பு காற்றுப் பட்டுச் சிக்கு வாடையும் கசப்பும் ஏறத் தொடங்கும். ஒரு கடையில் அழகான பொட்டலத்தில் வாங்கிவந்த மாவை நான் முழுவதும் கொட்ட நேர்ந்தது; பொட்டலத்தில் அரைத்த தேதியே இல்லை. அதன் பிறகு கம்பை முழுத் தானியமாகவே வாங்குகிறேன். தண்ணீர் தெளித்து, மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றி, முறத்தில் புடைத்து உமியை நீக்கிவிட்டு, ஒன்றிரண்டாக உடைத்துக் கம்பஞ்சோறு ஆக்கலாம். மாவு வேண்டுமானால் இரண்டு வாரத்துக்கு ஆகிற அளவுக்கு மேல் அரைத்து வைக்காதீர்கள். தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் கம்பை நாள்தோறும் முதன்மை உணவாகக் கொள்ளாமல், மற்ற தானியங்களோடு மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும்.

சாமையும் வரகும் வைத்தால் ஒன்று குழைகிறது, அல்லது விதை விதையாக நிற்கிறது. சரியான தண்ணீர் அளவு என்ன?

அரை மணி நேரம் ஊறவைத்த சாமை, குதிரைவாலி இரண்டுக்கும் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர். வரகு, தினை இரண்டுக்கும் இரண்டரைப் பங்கு. பாத்திரத்தில் கொதித்த நீரில் போட்டு, தண்ணீர் வற்றும் நிலையில் மூடி, சிறுதீயில் ஐந்து நிமிடம் விட்டு, அணைத்த பின் பத்து நிமிடம் திறக்காமல் இருந்தால் பொலபொலவென்று வரும். குக்கரில் குழைவதற்குக் காரணம் தண்ணீர் அதிகமானது அன்று. பெரும்பாலும் விசில் அதிகமானதுதான். தவிடு நீக்காத தானியமாக இருந்தால் ஊறும் நேரத்தை நான்கைந்து மணி நேரமாக்குங்கள்.

ஓலை எங்கே கிடைக்கும்? எந்த ஓலை முடைய ஏற்றது?

முடைவதற்கு ஏற்றது குருத்தோலை. அதாவது இன்னும் முழுவதும் விரியாத, வெளிர்மஞ்சள் நிறத்து இளம் ஓலை. முற்றிய பச்சை ஓலை கூரைக்கும் வேலிக்கும் ஆகுமே தவிர, விரலுக்கு வசப்படாது. தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களில் பனையேறும் குடும்பங்களிடம் கேட்டால் கிடைக்கும். நகரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு காலங்கள் உண்டு: கோடையில் நுங்கு விற்பவரிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் கொண்டுவந்து தருவார்; கார்த்திகைத் தீபத்துக்கு முந்தைய நாள்களில் தென்மாவட்டத்தார் மிகுதியாக வாழும் பகுதிகளில் கட்டுக் கட்டாக விற்பனைக்கு வரும்.

ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். பனைக்குக் கிளை கிடையாது. உச்சியில் உள்ள ஒற்றைக் குருத்திலிருந்துதான் மரம் வளர்கிறது. அதனால் தொடர்ந்து எல்லாக் குருத்தையும் எடுத்தால் மரம் நலியும். ஒன்றை எடுத்து அடுத்ததை விரியவிடுவதே பனையேறிகளின் வழக்கம். பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரமாக இருக்கிறது. மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. ஓலை எடுப்பதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றாலும், மரத்துக்கு உரியவரிடம் கேட்காமல் எடுப்பது முறையன்று.

வாங்கிய ஓலையை எப்படிப் பதப்படுத்துவது?

முதலில் ஒவ்வோர் ஓலையின் நடுவிலும் உள்ள ஈர்க்கை நீக்க வேண்டும். அடியில் கத்தியால் சிறிது கீறிவிட்டு இழுத்தால் ஈர்க்கு முழு நீளத்துக்கும் உரிந்து வந்துவிடும். அதை எறியாதீர்கள், சிறு துடைப்பமாகும். மீதியுள்ள இரண்டு பாதிகளையும் இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்தால் மஞ்சள் நீங்கி வெண்மையாகும். பனிக்கும் மழைக்கும் காட்டினால் கறுப்புப் புள்ளி விழும். அது பிறகு போகாது.

காய்ந்த ஓலையைக் கட்டி வைத்துக்கொண்டு, வேண்டும்போது மட்டும் ஊறவைக்கலாம். அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும். இரவு முழுவதும் ஊறினால் ஓலை நீரை அதிகம் குடித்து உப்பிவிடும். முடையும்போது நெருக்கமாகத் தெரிந்தாலும் காய்ந்தபின் இழைகளுக்கு இடையில் சந்து விழும். நீரிலிருந்து எடுத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உருவிப் பயன்படுத்துங்கள். ஊறிய ஓலையை விரலைச் சுற்றி மடித்துப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது. ‘நறுக்’கென்றால் இன்னும் ஊற வேண்டும்.

முதன்முதலில் எதைச் செய்து பார்க்கலாம்?

பதநீர் குடிக்கும் பட்டை. ஊசியும் வேண்டாம், அளவும் வேண்டாம். பச்சை ஓலையில் நான்கைந்து மடிப்புகள் பிரியாமல் சேர்ந்திருக்கும் பகுதியை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, மடிப்புகளை விரித்து, இரு முனைகளையும் மேலே கொண்டுவந்து குவித்து, ஓலை நாரால் இறுகக் கட்டினால், நடுப்பகுதி தொன்னைபோல் குழிந்து நிற்கும். அதில் கரைத்த கூழை ஊற்றிக் குடித்துப் பாருங்கள். ஓலையின் மணம் கூழில் இறங்கியிருக்கும். குழந்தைகளுக்கென்றால் காற்றாடி. இரண்டு ஓலைத் துண்டுகளைக் குறுக்கே கோத்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்திக் கொடுத்தால் தெருவின் கடைசி வரை ஓடுவார்கள். முள்ளின் முனையை மட்டும் மழுக்கிக் கொடுங்கள்.

சிறிய கொட்டான் முடைவது எப்படி?

கொட்டான் என்பது செட்டிநாட்டுப் பகுதியில் ஓலைக் கூடைக்கு வழங்கும் பெயர். திருமணச் சீர்களிலும் தாம்பூலத்துக்கும் அங்கே அது இன்றியமையாதது. புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள்களில் செட்டிநாட்டுக் கொட்டானும் ஒன்று. அங்குள்ள ஆச்சிமார் மணியும் துணியும் வைத்துச் செய்யும் நேர்த்தி நமக்கு வராது; உப்புக்கல்லோ பூண்டோ போட்டு வைக்கும் அளவில் ஒன்றைச் செய்து பார்க்கலாம்.

ஒரு சென்டிமீட்டர் அகலமும் 45 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பன்னிரண்டு இழைகள் வேண்டும். அகலம் சீராக இருப்பதுதான் முக்கியம். நான் ஒரு மரத்துண்டில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு குண்டூசிகளைக் குத்தி வைத்து, ஓலையை அதன்மேல் அழுத்தி இழுக்கிறேன்; ஒரே இழுப்பில் ஒரே அகலம் கிடைக்கும். ஆறு இழைகளை நெடுக்காக ஒட்டி ஒட்டி அடுக்குங்கள். ஏழாவது இழையை அவற்றின் நடுவில் குறுக்காக, ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாகக் கோத்துவிடுங்கள். அடுத்ததை இதற்கு மாறாக, ஒன்றின் கீழும் ஒன்றின் மேலுமாகக் கோத்துவிடுங்கள். ஆறு குறுக்கிழையும் முடிந்ததும் நடுவில் ஆறு சென்டிமீட்டர்ச் சதுரம் ஒன்று கிடைக்கும். நான்கு பக்கமும் இழுத்து நெருக்கி, துணி காயப்போடும் கிளிப்புகளை முனைகளில் மாட்டிவிடுங்கள்.

இங்கேதான் எல்லாரும் தவறுவது. சதுரத்தின் முனைதான் கொட்டானின் மூலையாக வரும் என்று கண் சொல்லும். வராது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவும்தான் மூலையாகும். ஒரு பக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு இழைகளில் மூன்றாவதையும் நான்காவதையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டு மடியுங்கள். பிறகு இடப்புற மூன்றையும் வலப்புற மூன்றையும் அதே மேல்கீழ் ஒழுங்கில் பின்னுங்கள். தட்டையாகக் கிடந்த ஓலை அந்த இடத்தில் தானாக மேலெழும்பும். நான் மூன்று முறை பிரித்துப் போட்ட பிறகு, பக்கத்து வீட்டு ஆச்சி என் விரலைப் பிடித்து நடுவில் வைத்து, “இங்கனதான் மடி எழும்” என்று காட்டினார். அதற்குப் பிறகு தவறவில்லை. நான்கு பக்கமும் இப்படி மூலை எடுத்துக் கிளிப் மாட்டிவிட்டால், கொட்டான் சாய்ந்தபடியாவது எழுந்து நிற்கும். அதன்பின் சுற்றிவரச் சாய்வாகப் பின்னிக்கொண்டே மேலேற வேண்டியதுதான்.

நான்கு விரற்கடை உயரம் வந்ததும், ஒவ்வோர் இழையையும் உள்ளே மடித்து, கீழே உள்ள பின்னலின் இரண்டு மூன்று கட்டங்களுக்குள் செருகி, மிச்சத்தை நறுக்கிவிடுங்கள். செருகச் சிரமமாக இருந்தால் கத்தரிக்கோல் முனையால் பின்னலைச் சற்றுத் தூக்கிக்கொள்ளலாம். இடையிடையே ஓலை காய்ந்துபோனால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

சாயம் போட்ட ஓலையை உணவு வைக்கும் கொட்டானுக்குப் பயன்படுத்தலாமா?

பூண்டு, முழு மஞ்சள் போன்ற காய்ந்த, தோலுள்ள பொருள்களுக்குப் பயன்படுத்தலாம். ஈரமுள்ள உணவுக்கும் சூடான உணவுக்கும் வேண்டாம். கொதிநீரில் கலந்து ஏற்றும் கடைச்சாயம் துணிக்கும் பாய்க்கும் உரியது. சிவப்பு இழை கலந்த கொட்டானில் ஈரம் உலராத இடியாப்பத்தை வைத்து, அடியில் இருந்தது எல்லாம் ரோஜா நிறமானதைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள்தூள் போட்டுக் கொதிக்கவைத்த நீரில் ஓலையைப் போட்டால் அழகான மஞ்சள் ஏறும். வெயில் பட்டால் சில வாரங்களில் வெளுத்துவிடும் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

ஓலைக் கொழுக்கட்டை செய்வது எப்படி?

தென்மாவட்டங்களில் கார்த்திகைத் தீபத்தன்று ஓலைக் கொழுக்கட்டை வேகாத வீடு அரிது. வறுத்த பச்சரிசி மாவு இரண்டு கப், பொடித்த கருப்பட்டி ஒன்றேகால் கப், தேங்காய்த் துருவல் ஒரு கப், வறுத்து அரைவேக்காடாக வேகவைத்த பாசிப்பயறு அல்லது பாசிப்பருப்பு கால் கப், சுக்கும் ஏலக்காயும் பொடித்தது ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. கருப்பட்டியை முக்கால் கப் நீரில் கரையும் வரை மட்டும் சூடாக்கி, வடிகட்டுங்கள்; மணலும் பதநீர்க் கலயத்தில் பூசிய சுண்ணாம்பின் வண்டலும் அடியில் நிற்கும் என்பதால், வடிகட்டாமல் சேர்த்தால் பல்லில் நறநறக்கும். அந்தச் சூடான பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக மாவில் விட்டு, பிடித்தால் பிடிபடும் பதத்தில் பிசைந்துகொள்ளுங்கள். பாகு முழுவதும் செல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாவின் பதத்தைக் கையே சொல்லும்.

ஈர்க்கு நீக்காத குருத்தோலையை ஒரு சாண் நீளத் துண்டுகளாக நறுக்கிக் கழுவுங்கள். ஈர்க்கு அடியில் இருக்க ஓலை இரு பக்கமும் விரிந்து தோணிபோல் நிற்கும். அந்தக் குழியில் மாவை நீளமாக வைத்து அழுத்தி, ஓலையை மூடி, மெல்லிய ஓலை நாரால் இரண்டு இடத்தில் கட்டி, இட்லிப் பானையில் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் வேகவிடுங்கள். வேகும்போதே வீடு முழுக்க ஓலையும் கருப்பட்டியும் கலந்த வாசனை பரவும். சற்று ஆறிய பின் பிரித்தால் கொழுக்கட்டையின் மேல் ஓலையின் வரிகள் பதிந்திருக்கும். அரிசி மாவில் மூன்றில் ஒரு பங்கைக் கேழ்வரகு மாவாக மாற்றலாம். அதற்கு மேல் போனால் உதிர்ந்துபோகிறது, செய்து பார்த்துவிட்டேன்.

கருப்பட்டி என்பதால் கணக்கில்லாமல் சாப்பிடலாம் என்று எண்ண வேண்டாம். அதன் மணமும் சுவையும் வேறு. சர்க்கரை என்ற அளவில் அதுவும் சர்க்கரையே.

பனையோலை கிடைக்காத ஊரில் என்ன செய்வது?

கொழுக்கட்டைக்குப் பூவரச இலையும் வாழை இலையும் போதும். பூவரச இலையில் மெல்லிய பூரணக் கொழுக்கட்டை நன்றாக வரும். வாழை இலையைத் தணலில் ஒரு முறை வாட்டிக்கொண்டால் மடிக்கும்போது கிழியாது. முடையப் பழகுவதற்குப் பழைய நாட்காட்டித் தாளை ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். மூலை எடுக்கும் நுட்பத்தைத் தாளில் நான்கு முறை பழகிவிட்டு ஓலைக்கு வந்தால், ஓலை வீணாகாது. தாளை மட்டும் ஊறவைக்க வேண்டியதில்லை.

கொட்டான் எத்தனை நாள் உழைக்கும்? எப்படிப் பாதுகாப்பது?

ஈரம் படாமல் இருந்தால் பல ஆண்டுகள் வரும். எண்ணெய்க் கையால் தொட்டுத் தொட்டு நிறம் பழுத்த ஓலைப்பெட்டி ஒன்று, என் அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்றும் புளியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அழுக்கானால் நனைத்து அலசி, நிழலில் கவிழ்த்து, அடிப்பகுதி முழுவதும் உலரும் வரை விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் மாதத்துக்கு இருமுறை காலை வெயிலில் காட்டுங்கள். பூச்சி வராமலிருக்க, காய்ந்த வேப்பிலையை அடியில் போட்டு வைக்கிறேன். உப்பு வைக்கும் கொட்டானுக்கு மட்டும் ஆயுள் குறைவு. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து ஓலையைக் கறுக்கச் செய்துவிடும். அதனால் உப்புக் கொட்டானைத் தனியாக வைத்து, ஆண்டுக்கு ஒன்று புதிதாக முடைந்துகொள்கிறேன்.